வெகிஸில் உப்புக் கூடிய பலோமாவும் எங்கள் ஆடி வெள்ளியும்

இந்தப் பயணத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் கணவர் (பெயர் வேண்டாம் என்கிறார், அதனால் "இவர்" என்றே எழுதுகிறேன்). சுவிஸில், லுட்சேர்ன் பக்கத்து வெகிஸில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்யும் மட்டக்களப்புத் தம்பி சிவா. அதே ஹோட்டலின் பாருக்குப் பொறுப்பான லூப்பே, மெக்சிகோவில் பிறந்த பெண். நான்கு பேர்தான். மகளுக்கு அன்று வேலை, வரவில்லை.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் தேர்த் திருவிழாக்களுக்குப் போகும் வழி, மலிவான நாள் ரிக்கெற், பிள்ளைகளோடு போகக்கூடிய ஏரிக்கரைகள் என்றுதான் எழுதுவேன். ஒரு மதுபானத்தைப் பற்றி எழுத வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. அதுவும் விரத நாளில் பார்த்ததை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

இவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஓல்டனுக்குப் பக்கத்தில் பொதிகள் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் வேலை செய்தார். போன மார்கழியில் கிடங்கைத் தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள், வேலை போய்விட்டது. அன்றிலிருந்து மாதாமாதம் விண்ணப்பம் போட்டு, அதற்கான ஆதாரங்களை வேலையற்றோர் அலுவலகத்துக்குக் கொடுத்து வந்தார். அழைப்பு வந்தது ஒரே ஒரு இடத்தில் இருந்துதான். அதுவும் சிவா ஒரு வார்த்தை சொல்லிவைத்ததால்.

வந்த வேலைதான் பிரச்சினை. இந்த நாட்டு உணவகங்களில் கோப்பி, பியர், வைன் எல்லாம் தயாராகும் மேசைப் பகுதியைப் புஃபே என்பார்கள். கிடங்குக்குப் போகும் முன் பல வருடங்கள் இவர் ஓர் உணவகத்தின் புஃபேயில் நின்றவர். கோப்பை கழுவத் தொடங்கி அங்கே உயர்ந்தவர், கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். குடி பழகியதும் அங்கேதான். பதினொரு வருடத்துக்கு முன் கோவிலில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தினார். சத்தியம் மட்டும் போதாது என்று இரண்டு வருடம் ஆலோசனை நிலையத்துக்கும் போனார். புஃபே வேலையை விட்டதும் அதற்காகத்தான். "நாக்கில் ஒரு சொட்டும் படக் கூடாது" என்று அந்த நிலையத்து ஆலோசகர் அம்மா சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

இதையெல்லாம் எழுதலாமோ என்று கேட்டேன். "எழுதும். வாசிக்கிற ஆருக்காவது உதவட்டும்" என்றார்.

ஹோட்டலில் ஒரு நாள் வேலை செய்து காட்ட வேண்டும். இங்கே அதை ஷ்னுப்பர் நாள் என்போம். அந்த நாளில் பலோமா என்ற பானத்தைத்தான் அதிகம் செய்ய வரும், இந்தக் கோடைக்கு வெளிமுற்றத்து விருந்தாளிகள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று சிவா சொல்லியிருந்தார். ஆகவே ஒரு கிழமை எங்கள் குசினியில் பயிற்சி நடந்தது. கிரேப்புரூட் (பம்பளிமாசின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கசப்பு), தேசிக்காய் (தமிழ்நாட்டவருக்கு எலுமிச்சை), சோடா, உப்பு. தெக்கீலாவுக்குப் பதில் பச்சைத் தண்ணீர். எங்கள் வீட்டுக்குள் போத்தல் வராது.

கண்ணாடிக் குவளையின் விளிம்பில் தேசிக்காய் தடவி, உப்பில் கவிழ்த்து எடுப்பார். பிறகு இருவரும் ருசி பார்ப்போம். உப்புப் போதாது என்று எனக்கு ஒவ்வொரு நாளும் பட்டது. "இன்னும் ஒரு சிட்டிகை போடுங்கோ" என்பேன். போடுவார். ஏழாம் நாள், "இப்பதான் சரி" என்று நானே முடிவு சொன்னேன். இதை ஞாபகம் வைத்திருங்கள்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை அது. எனக்கு விரதம். "நீரும் வாரும், நீர் பக்கத்தில இருந்தா நல்லது" என்று இவர் சொன்னதும் நான் மறுக்கவில்லை. தனியாக விட எனக்கும் மனம் இல்லை.

ஓல்டனில் இருந்து லுட்சேர்னுக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம். நகரசபையில் முன்கூட்டியே நாள் ரிக்கெற் எடுத்திருந்தோம். அரைக்கட்டண அட்டை இருந்ததால் ஆளுக்கு 39 பிராங். இதிலேயே கப்பலும் அடங்கும். நாள் கிட்ட வந்த பிறகு வாங்கினால் விலை கூடிவிடும், ஆகவே திகதி தெரிந்த உடனே வாங்குங்கள். போகும்போது இடது கைப் பக்கம் இருங்கள், நொட்வில் தாண்டும்போது செம்பாக் ஏரி நீளத்துக்கு வரும். நான் இடது பக்கம்தான் இருந்தேன். ஏரியைப் பார்த்த ஞாபகம் இல்லை. இவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"மந்திரமோ?" என்றேன்.

"இல்லையப்பா. அளவு. தெக்கீலா ஐந்து சென்ரிலீற்றர், தேசிக்காய் ஒண்டரை..."

"முருகன்ர பேரையும் நடுவில ஒருக்காச் சொல்லுங்கோ."

"அவர் எத்தினை சென்ரிலீற்றர்?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லுட்சேர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கப்பல் துறை. நிலையக் கழிப்பறைக்கு 2 பிராங். கப்பலிலேயே இலவசமாக இருக்கிறது என்பதைப் பிறகுதான் கண்டேன், நீங்கள் வீணாக்க வேண்டாம். 9.12 கப்பல். வெகிஸுக்கு முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேல் தட்டில் காற்று பலம், ஆடி மாதம் என்றாலும் ஒரு மெல்லிய சுவெற்றர் கொண்டுபோங்கள். வெகிஸ் இறங்குதுறையில் இருந்து ஹோட்டலுக்குக் கரையோரமாகப் பத்து நிமிட நடை.

சிவா பின்வாசலில் நின்றார். வெள்ளை மேலங்கி, கையில் வெங்காய மணம். "என்னக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரி முழிக்கிறீங்க? அண்ணனுக்குத்தானே வேலை, உங்களுக்கில்லையே" என்றார். இவரை உள்ளே கூட்டிப்போய்விட்டு, பாருக்கு அருகே மர நிழலில் ஒரு சின்ன மேசையில் என்னை இருத்தினார். அங்கிருந்து பார்த்தால் மேசைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் போத்தல்கள் எல்லாம் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால் இவருடைய முதுகு. பதினொரு வருடமாக நான் பார்க்காத காட்சி.

லூப்பேக்கு நாற்பது வயது இருக்கும். குட்டை முடி, பெரிய குரல். அவருடைய ஜேர்மனும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே தரம். நான் மகளின் பள்ளிப் புத்தகங்களிலும் கடைத் துண்டுப் பிரசுரங்களிலும் கற்றது, அவர் வேலையிடங்களில் கற்றது. அதனால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். விருந்தாளிகள் வரும் முன் கொஞ்ச நேரம் இருந்தது. கிரேப்புரூட் வெட்டிக்கொண்டே இந்தப் பானத்தின் கதையைச் சொன்னார்.

தெக்கீலா நீலநிறம் கலந்த ஒரு கற்றாழையில் இருந்து வருகிறது. நம்மூர் வேலிகளில் நிற்கும் ஆனைக்கற்றாழையின் உறவு. அது முற்ற ஏழெட்டு வருடம் ஆகுமாம். முள் இலைகளை வெட்டி எறிந்தால் நடுவே பெரிய கிழங்கு போல ஒன்று இருக்கும். பார்வைக்கு அன்னாசி மாதிரி இருப்பதால் அதை அன்னாசி என்றே சொல்வார்களாம். அதை அவித்து, நசுக்கி, சாற்றைப் புளிக்கவைத்து வடிப்பார்கள். தெக்கீலா என்பது அங்கே ஓர் ஊரின் பெயரும்கூட. சில மாநிலங்களில் செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று சட்டம் இருக்கிறது.

பலோமா என்றால் புறா. அந்தப் பெயர் ஏன் வந்தது, முதலில் கலந்தவர் யார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். "பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் கதை. எல்லோருடைய மாமாவும்தான் கண்டுபிடித்தார்" என்று சிரித்தார். கிரேப்புரூட் சோடா போத்தலில் வரத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்கு வீடு பரவியதாம். வெயில் நாளில் தெக்கீலாவை ஊற்றி, சோடாவை விட்டு, தேசிக்காயைப் பிழிந்து, உப்புப் போட்டால் முடிந்தது. "மார்கரீட்டா உல்லாசப் பயணிகளுக்கு. பலோமா எங்களுக்கு." அவர் கழுத்தில் மாதாவின் சின்னப் பதக்கம் இருந்தது. லூப்பே என்பதும் அந்த மாதாவின் பெயரின் சுருக்கம்தானாம். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சுப் பாரம் இறங்கியது. பெயரில் தெய்வம் உள்ளவர், கெட்டதைச் செய்ய மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பலோமாவை இவர் செய்தார். நீளக் குவளை, விளிம்பில் உப்பு, ஐஸ், இரண்டு பக்கமும் அளவுள்ள சின்ன உலோகக் கிண்ணத்தால் தெக்கீலா, தேசிச்சாறு, கிரேப்புரூட் சாறு, வீட்டில் பழகியபடி உள்ளேயும் சிட்டிகை சிட்டிகையாக உப்பு, மேலே சோடா. லூப்பே குவளையை வாயில் வைத்து ஒரு மிடறு குடித்தார். முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

"இந்தப் புறா கடலில் விழுந்துவிட்டது" என்றார்.

லூப்பே இன்னொரு குவளையைத் தள்ளி, பக்கத்தில் ஓர் உறிஞ்சு குழாயை வைத்தார். "திரும்பச் செய். குழாயால் ஒரு சொட்டு எடுத்து ருசி பார். சரியில்லாவிட்டால் திருத்து. பாரில் நிற்பவர் ருசி பார்க்காமல் ஒன்றும் வெளியே அனுப்பக் கூடாது."

இவர் குழாயைக் கையில் எடுத்தார்.

எனக்கும் அவருக்கும் இடையில் ஐந்து மீற்றர். "முருகா, முருகா" என்று வாய்க்குள் சொன்னேன். கூப்பிட முடியவில்லை. எல்லோர் முன்னும் மனைவி கத்தினால் வேலை போய்விடும். கத்தாவிட்டால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குழாய் வெள்ளைக் காகிதக் குழாய். இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

இவர் குழாயைத் திரும்ப மேசையில் வைத்தார். "நான் குடிப்பதில்லை. பதினொரு வருடம். ஒரு சொட்டும் இல்லை" என்று ஜேர்மனில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது.

லூப்பே இவர் பக்கம் திரும்பினார். "அப்படியானால் ஏன் இங்கே வந்தாய்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். "எப்படித் திருத்துவாய்? எது பிழை என்று உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. எழும்பி ஓடினேன்.

"இஞ்சேருங்கோ! நாங்கள் வீட்டில அண்ணாந்தெல்லோ குடிச்சனாங்கள்!"

"என்ன?"

"விரதச் சாமான் புழங்கிற குசினியெண்டு குவளையில வாய் வைக்கேல்லை. அண்ணாந்து ஊத்தினா விளிம்பில இருக்கிற உப்பு வாய்க்கு எப்பிடி வரும்? அதுதான் உப்புக் காணாது, காணாது எண்டு நான் உள்ளுக்குப் போடச் சொன்னனான்!"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏழு நாள் விளிம்பில உப்புப் பூசி, ஒரு நாளும் விளிம்பில வாய் வைக்கேல்லை. நல்ல சோடி நாங்கள்."

லூப்பேக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கச் சொல் எனக்கு ஜேர்மனில் வரவில்லை. ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கி, அண்ணாந்து, உதடு படாமல் குடித்துக் காட்டினேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு தானும் முயன்றார். பாதி மூக்கிலும் மீதி சட்டையிலும் போயிற்று. சமையலறைக் கதவில் நின்ற சிவா, "அக்கா, இத ஹோட்டல் நிகழ்ச்சியாப் போடலாம், ஆளுக்கு அஞ்சு பிராங்" என்றார்.

இவர் புதிதாக ஒன்று செய்தார். குவளைக்குள் உப்பே இல்லை. விளிம்பிலும் பாதிக்கு மட்டும் பூசச் சொன்னார் லூப்பே. உப்பு வேண்டியவர் அந்தப் பக்கமும் வேண்டாதவர் மற்றப் பக்கமும் குடிக்கலாம். அவரே ருசி பார்த்தார். தலையை ஆட்டினார். "இன்றைக்கு என் நாக்கைக் கடன் தருகிறேன்" என்றார்.

மத்தியானம் முழுக்க வெளிமுற்றம் நிறைந்திருந்தது. இவர் பழையபடி புஃபேக்காரர் ஆகிவிட்டார். எந்தக் குவளை எங்கே, எந்த ஐஸ் பெட்டி காலி என்று கேளாமலே கை போயிற்று. சந்தோஷப்பட வேண்டிய காட்சிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் குனியும்போது, மேசைக்குக் கீழே எனக்குத் தெரியாத இடத்தில் கை என்ன செய்கிறது என்று என் கழுத்து தானாக நீண்டது. பக்கத்து மேசை வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர், "யாரையாவது தேடுகிறீர்களா?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

எனக்கும் லூப்பே ஒரு குவளை அனுப்பினார், தெக்கீலா இல்லாதது என்று சொல்லி. விரதத்தில் பழச்சாறு குடிக்கலாம். ஆனால் உண்மையிலேயே இல்லையா? பரபரப்பில் மாறியிருந்தால்? மணந்து பார்த்தேன். பழ மணம். தெக்கீலாவுக்கு என்ன மணம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐஸ் கரைந்தது, ஒரு குளவி வந்து விழுந்தது. அதைக் கண்டு இவர் வேறொன்று கொண்டுவந்தார்.

"இது என்ர கையால செய்தது. குடியும்."

"அது எதில..."

"அந்தப் போத்தல் பக்கமே போகேல்லை. நம்பினாக் குடியும், நம்பாட்டி வையும். எனக்கு ஆக்கள் நிக்கினம்."

குடித்தேன். வாய் வைத்து, விளிம்பு உப்போடு. முதலில் உப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் நாக்கின் பின்னால் மெல்லிய கசப்பு. வெயிலுக்கு இதைப் போல ஒன்றும் இல்லை. அது உண்மை, சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் செய்ய விரும்புபவர்களுக்கு: நீளமான குவளை. விளிம்பில் பாதிக்குத் தேசிக்காய் தடவி உப்பில் ஒற்றுங்கள். ஐஸ் நிறையப் போட்டு, 60 மில்லிலீற்றர் கிரேப்புரூட் சாறு, 15 மில்லிலீற்றர் தேசிச்சாறு, பழம் கசந்தால் ஒரு தேக்கரண்டி சீனிப்பாகு விட்டு, மேலே சோடாவால் நிரப்பி ஒரே ஒரு தடவை கலக்குங்கள். மெக்சிகோக்காரர் 50 மில்லிலீற்றர் தெக்கீலா சேர்ப்பார்கள், நான் சேர்க்கவில்லை. கொலஸ்ரோல், பிரஷர் குளிசை எடுப்பவர்கள் கிரேப்புரூட் தொடும் முன் வைத்தியரைக் கேளுங்கள், சில குளிசைகளோடு அது ஒத்துவராது. தயவுசெய்து அண்ணாந்து குடித்து உப்புப் பார்க்காதீர்கள்.

ஐந்து மணிக்கு லூப்பே எங்கள் இருவரையும் இருத்திக் கதைத்தார். இவருடைய வேலை பிடித்திருக்கிறது. வருட ஒப்பந்தம் தரலாம். ஆனால் அவர் ஐப்பசி முடிய வேறு ஊருக்குப் போகிறார். பனிக்காலத்தில் பின்னேரங்களில் இவர் தனியாகத்தான் பாரில் நிற்க வேண்டும். நடுச்சாமத்தில் பூட்டிய பிறகு ஓல்டனுக்கு வரக் கப்பலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆகவே புதன் தொடக்கம் ஞாயிறு வரை ஹோட்டலின் ஊழியர் அறையில் தங்க வேண்டும். பாரைப் பூட்டும் திறப்பும் இவரிடம்தான் இருக்கும்.

"ருசி பார்ப்பதற்கு?" என்று நான் கேட்டேன்.

"அளவுகளை எழுதித் தருகிறேன். அளவுப்படி செய்தால் பெரும்பாலும் சரியாக வரும். மற்றதைச் சமையலறையில் யாராவது பார்க்கட்டும்" என்றார். பிறகு என்னை மட்டும் பார்த்து, "அதையல்ல நீ கேட்கிறாய், எனக்குத் தெரியும். அதை நீங்கள் இருவரும்தான் பேசித் தீர்க்க வேண்டும். அடுத்த புதனுக்குள் முடிவு சொல்லுங்கள்" என்றார்.

திரும்பும் கப்பலில் கீழ்த்தட்டில் இருந்தோம். இவருடைய சட்டைக் கையில் ஏதோ சிந்தியிருந்தது. காற்றில் அந்த மணம் என் பக்கம் வந்தது. பழ மணம் இல்லை, வேறு. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, ஊதிக் காட்டவோ?" என்றார்.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே."

"முகத்தில எழுதி ஒட்டியிருக்கு."

குடியை விட்ட புதிதில் ஒவ்வொரு பின்னேரமும் வாசலில் நின்று, நான் கேட்க முதலே ஊதிக் காட்டுவார். எப்போது நின்றது என்று எங்கள் இருவருக்கும் ஞாபகம் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கப்பலில், சைக்கிள்களோடு ஏறியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் முகத்துக்கு நேரே ஊதினார். கோப்பி மணம் மட்டும்தான்.

"ஒரு நாளைக்குச் சரி" என்றேன். "புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு ஆருக்கு ஊதிக் காட்டுவீங்கள்?"

"எனக்கும் அதுதான் பயம்" என்றார். "ஆனா கன நாளுக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒரு இடத்தில என்னைத் தேவையெண்ட நினைப்போட நிண்டனான்."

எட்டு மணிக்கு முன் வீட்டில் இருந்தோம். குளித்து, விளக்கேற்றி, விரதத்தை முடித்தேன். செலவு இருவருக்கும் மொத்தம் 80 பிராங், கழிப்பறை உட்பட. கப்பலும் ஏரியும் மட்டும் வேண்டுமென்றால் நல்ல பயணம். கிழமை நாளில் போங்கள், வார இறுதியில் இருக்க இடம் கிடைக்காது.

இனி நான் கேட்க வேண்டியது. காரணம் இல்லாமல் வேலையை மறுத்தால் வேலையற்றோர் அலுவலகம் கொடுப்பனவு நாட்களைக் குறைக்கக்கூடும். வைத்தியர் அல்லது ஆலோசனை நிலையத்தின் கடிதம் காரணமாக எடுத்துக்கொள்ளப்படுமா என்று திங்கட்கிழமை கேட்கப்போகிறேன். ஆனால் மறுப்பதுதான் சரியா என்று எனக்கே தெரியவில்லை. அவர் அன்று நின்ற நிலையை நான் பார்த்தேன். குழாயைத் திரும்ப வைத்ததையும் பார்த்தேன். அன்று நான் ஐந்து மீற்றரில் இருந்தேன் என்பதையும் மறக்க முடியவில்லை.

உங்களில் யாராவது, அல்லது உங்கள் வீட்டில் யாராவது, குடியை விட்ட பிறகு பாரிலோ புஃபேயிலோ வேலை செய்ததுண்டா? தனியாகத் தங்கும் இரவுகளை எப்படிச் சமாளித்தீர்கள்? முடியாமல் போயிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம். புதன்கிழமை ஹோட்டலுக்குப் பதில் சொல்ல வேண்டும். தயவுசெய்து செவ்வாய்க்கிழமைக்குள் எழுதுங்கள்.